கைத்துப்பாக்கியின் இடத்துக்கு வந்த ரைபிள்: எம்1 கார்பைனின் நோக்கமும் பயனும்

எம்1 கார்பைனைப் பற்றி எழுதியவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். எடை குறைவு, சுடுவது எளிது, தூக்கித் திரிந்தவர்கள் விரும்பினார்கள் என்று ஒரு கட்சி சொல்கிறது. தோட்டாவுக்கு வலுவில்லை, சுட்டும் எதிரி விழவில்லை, கொரியக் குளிரில் கைவிட்டது என்கிறது மற்றது. இரண்டு பேச்சிலும் உண்மை உண்டு. ஆனால் இரு சாராருமே இதை ஒரு சிறிய காலாட்படை ரைபிளாக வைத்துத்தான் அளக்கிறார்கள். கேட்டவர்கள் எதற்காகக் கேட்டார்கள் என்பதிலிருந்து தொடங்கினால் வழக்கு வேறு விதமாகத் தீர்கிறது.

1903-இல் அமெரிக்க இராணுவம் ஒரு பெரிய எளிமையாக்கலைச் செய்தது. காலாட்படைக்கு நீளமான ரைபிள், குதிரைப்படைக்குக் குட்டையான கார்பைன் என்ற பழைய பிரிவினையைக் கைவிட்டு, இருவருக்கும் பொதுவாக ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஒரே ரைபிளைக் கொடுத்தது. அன்றைக்கு அது சரியான முடிவு. முதல் உலகப் போர் அந்தக் கணக்கை மாற்றியது. இயந்திரத் துப்பாக்கி, மோர்ட்டார், களத் தொலைபேசி, லாரி என்று படையின் வேலைகள் பெருகின. ரைபிளால் சுடுவதைத் தன் முதல் வேலையாகக் கொள்ளாத சிப்பாய்களின் எண்ணிக்கையும் அதோடு பெருகியது. 81 மில்லிமீட்டர் மோர்ட்டாரின் அடித்தட்டு மட்டுமே 45 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 20 கிலோ. அதைத் தோளில் சுமப்பவன், ஸ்பிரிங்ஃபீல்டின் இடத்துக்கு வந்த ஒன்பதரைப் பவுண்டு எடையுள்ள காரண்ட் ரைபிளையும் சுமக்க முடியாது. சுமந்தாலும் வேலை நேரத்தில் அது காலுக்குக் கீழேதான் கிடக்கும். ஆகவே இப்படிப்பட்டவர்களுக்கு .45 கைத்துப்பாக்கி கொடுக்கப்பட்டது. அந்தக் கைத்துப்பாக்கியோ, நிறையப் பயிற்சி இல்லாதவன் கையில் இருபத்தைந்து கெஜத்துக்கு அப்பால் நம்பத்தக்கதல்ல. போர்க்காலத்தில் அவசரமாகச் சேர்க்கப்படும் லட்சக்கணக்கானவர்களுக்கு அந்தப் பயிற்சியைத் தரவும் நேரமில்லை.

இந்த இடைவெளியை நிரப்ப ஓர் இலேசான ரைபிள் வேண்டும் என்று 1938-இல் காலாட்படைத் தலைமை கேட்டபோது அது ஏற்கப்படவில்லை. 1940-இல் நிலைமை தலைகீழானது. ஜெர்மானிய டாங்கிகள் பிரான்சின் முன்னணி வரிசையை உடைத்துக்கொண்டு பின்புலத்துக்குள் பாய்ந்தன. நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் பாராசூட் படையினர் வானிலிருந்து இறங்கினார்கள். முன்வரிசை, பின்வரிசை என்ற பாகுபாடே குலைந்தது. சமையற்காரரும் லாரி ஓட்டுநரும் செய்திக்கம்பி இழுப்பவரும் எந்த நிமிடமும் தங்களைத் தாங்களே காத்துக்கொள்ள நேரலாம் என்ற நிலை வந்தது. அந்த ஆண்டு ஜூனில் கோரிக்கை ஏற்கப்பட்டது. அக்டோபரில் ஆயுதத் தயாரிப்பாளர்களுக்கு நிபந்தனைகள் அனுப்பப்பட்டன: எடை ஐந்து பவுண்டுக்குள் இருக்க வேண்டும், 300 கெஜம் வரை பயன்பட வேண்டும். வின்செஸ்டர் நிறுவனம் தன்னுடைய பழைய .32 தானியங்கித் தோட்டாவை அடியொற்றி .30 கார்பைன் தோட்டாவை உருவாக்கித் தந்தது. தொடக்கத்தில் தொடர்ச்சியாகச் சுடும் வசதியும் கேட்கப்பட்டது. பிறகு அது கைவிடப்பட்டது. கைவிட்டது சரி என்பதே என் கருத்து. பின்னாளில் அது திரும்பி வந்ததால் என்ன ஆயிற்று என்பதைக் கீழே காண்போம்.

தோட்டாவைச் செய்து தந்த வின்செஸ்டர், 1941 மே மாதத்து முதல் சோதனைகளுக்குத் துப்பாக்கி எதையும் அனுப்பவில்லை. காரண்ட் உற்பத்தியிலேயே அது மூழ்கியிருந்தது. வந்த மாதிரிகளில் எதுவும் முழு நிறைவு தராததால் இராணுவம் அதனிடம் நேரில் பேசியது. நிறுவனத்திடம் வேறொரு நோக்கத்துக்காக உருவாகிவந்த ஏழரைப் பவுண்டு ரைபிள் ஒன்று இருந்தது. அதன் அமைப்பைச் சுருக்கி, முதல் கார்பைன் மாதிரியைப் பதின்மூன்றே நாட்களில் ஒட்டிவைத்துக் காட்டினார்கள். செப்டம்பர் இறுதிச் சோதனையில் வென்றது அதிலிருந்து திருத்தப்பட்ட வடிவம். அக்டோபரில் அது எம்1 கார்பைன் என்ற பெயரில் ஏற்கப்பட்டது. அமெரிக்கா போரில் இறங்க இன்னும் ஒன்றரை மாதமே இருந்தது.

இதன் பெருமை முழுவதையும் டேவிட் மார்ஷல் வில்லியம்ஸுக்கே கொடுக்கும் வழக்கம் உண்டு. வட கரோலினாச் சிறையில் இருந்தபோதே துப்பாக்கி அமைப்புகளை யோசித்த மனிதர் அவர். 1952-இல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடித்த ஹாலிவுட் படம் அந்தக் கதையை நிலைநிறுத்திவிட்டது. குழலிலிருந்து வரும் வாயு ஒரு சிறு பிஸ்டனைச் சில மில்லிமீட்டர் தூரம் மட்டும் தட்ட, அந்தத் தட்டிலேயே இயங்குபகுதி முழுவதும் பின்னோக்கி ஓடும் அமைப்பு அவருடைய சிந்தனை. அதில் ஐயமில்லை. ஆனால் கார்பைனை முழு வடிவத்துக்குக் கொண்டுவந்தது ரோமர், ஹ்யூம்ஸ்டன் முதலிய வின்செஸ்டர் பொறியாளர்களின் கூட்டு உழைப்பு. சுழன்று பூட்டும் போல்ட் காரண்டின் வழியைப் பின்பற்றியது. ஒரு தனி மேதையின் கண்டுபிடிப்பு என்பதைவிட, இருந்தவற்றை அவசரத் தேவைக்கு ஏற்பச் சேர்த்த திறமை என்பதே இதற்குப் பொருந்தும்.

கிடைத்த துப்பாக்கி ஐந்து பவுண்டைச் சற்றே தாண்டியது, சுமார் 2.4 கிலோ. நீளம் 90 சென்டிமீட்டர். மேகசினில் 15 தோட்டாக்கள். தோட்டா ஒன்றின் எடை காரண்ட் தோட்டாவில் பாதிக்கும் குறைவு. ஆகவே அதே சுமையில் இரண்டு மடங்குக்கு மேல் கொண்டுபோகலாம். துரு உண்டாக்காத பிரைமரை இந்தத் தோட்டாவுக்குத் தொடக்கத்திலிருந்தே விதித்தார்கள். அது பலரும் கவனிக்காத ஒரு நல்ல முடிவு. வாயு அறையைச் சாதாரணச் சிப்பாய் கழற்றித் துடைக்கத் தேவையில்லாமல் போனது அதனால்தான்.

வலுவைப் பற்றிய வாதத்துக்கு எண்களே பதில் சொல்லும். குழல்வாயில் காரண்ட் தோட்டாவின் ஆற்றல் சுமார் 3,500 ஜூல்; கார்பைனுக்குச் சுமார் 1,300; .45 கைத்துப்பாக்கிக்கு 500-ஐ ஒட்டி. காரண்டோடு ஒப்பிட்டால் கார்பைன் ஏழை. கைத்துப்பாக்கியோடு ஒப்பிட்டால் இரண்டரை மடங்கு. 100 கெஜத்தில்கூட அதனிடம் 800 ஜூல் அளவு மிச்சமிருக்கிறது. 200 கெஜத்துக்குப் போன பிறகுதான் அது கைத்துப்பாக்கியின் குழல்வாய் ஆற்றலுக்கு இறங்குகிறது. 300 கெஜம் என்ற நிபந்தனை காகிதத்தில் நிறைவேறியதே தவிர, அந்தத் தொலைவில் இந்தத் தோட்டாவிடம் பெரிதாக எதிர்பார்க்கக் கூடாது. அதன் உண்மையான எல்லை 200 கெஜம் என்றே நான் கொள்கிறேன். தற்காப்புக்கு அது போதும். அதைவிட முக்கியமானது, தோளில் வைத்துச் சுடும் எதையும் கைத்துப்பாக்கியைவிடப் பல மடங்கு எளிதாக ஒரு புதியவனுக்குக் கற்றுக்கொடுக்கலாம் என்பது. பின்னுதை குறைவாக இருந்ததால் பயிற்சியில் அவனுக்கு அச்சமும் வரவில்லை.

உற்பத்தியின் கதை தனியாகச் சொல்லத் தகுந்தது. துப்பாக்கியே செய்திராத நிறுவனங்கள் இதைச் செய்தன. ஜெனரல் மோட்டார்ஸின் இன்லாண்டு பிரிவுதான் மிகப் பெரிய உற்பத்தியாளர்; இருபத்தைந்து லட்சத்துக்கு மேல் அதன் பங்கு. தட்டச்சுப் பொறி செய்த அண்டர்வுட், கணக்குப் பொறி செய்த ஐபிஎம், காசு போட்டால் பாட்டுப் பாடும் ஜூக்பாக்ஸ் செய்த ராக்-ஓலா ஆகியவையும் செய்தன. எல்லாரும் தேறிவிடவில்லை. கிராண்ட் ரேபிட்ஸ் நகரின் இர்வின்-பெடர்சன் செய்த துப்பாக்கிகளில் ஒன்றைக்கூட இராணுவம் ஏற்றுக்கொள்ளவில்லை; அந்த ஆலையை ஜெனரல் மோட்டார்ஸின் சாகினா பிரிவு எடுத்துக்கொண்டது. ஒரு நிறுவனத்தில் உதிரிபாகத்துக்குத் தட்டுப்பாடு வந்தால் மற்றொன்று அனுப்பும் ஏற்பாடு இருந்தது. ஒரே துப்பாக்கியில் நான்கைந்து நிறுவனங்களின் முத்திரைகள் காணக் கிடைப்பது இதனால்தான். இப்படி 1945 ஆகஸ்ட் வரை அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட கார்பைன்கள் வெளிவந்தன. அந்தப் போரில் அமெரிக்கா மிகுதியாகச் செய்த சிறு ஆயுதம் இதுதான். காரண்டின் எண்ணிக்கை சுமார் நாற்பது லட்சம். ஏறத்தாழ 14,000 பேர் கொண்ட ஒரு காலாட்படை டிவிஷனின் பட்டியலில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கார்பைன்கள் இடம்பெற்றன. ரைபிள் ஏந்தாதோர் படையில் எத்தனை பேர் என்பதை இந்த ஓர் எண்ணே சொல்லிவிடும்.

நல்ல கருவி என்றால் அதைக் கேட்காதவர்களும் எடுத்துக்கொள்வார்கள். பாராசூட் படைக்கு மடக்கக்கூடிய கட்டையுடன் எம்1ஏ1 வந்தது. சுமார் 1,40,000 செய்யப்பட்டன. பிளட்டூன் தலைவர்களும் வழிகாட்டிச் செல்வோரும் இதை விரும்பினார்கள். பசிபிக் தீவுகளின் அடர்காட்டில், எதிரி இருபது முப்பது கெஜத்தில் தென்படும் இடத்தில், இலேசான துப்பாக்கிக்கு நியாயமான மதிப்பு இருந்தது. ஆனால் இந்தப் பரவலோடு எதிர்பார்ப்பும் நகர்ந்தது. ரைபிள்காரனின் கைக்கு வந்ததும் ரைபிளிடம் கேட்பதையெல்லாம் இதனிடம் கேட்டார்கள். 1944-இல் பயனெட் மாட்டும் வசதி சேர்ந்தது. 150, 300 கெஜத்துக்கென இரண்டே நிலை கொண்ட எளிய பின்குறி போய், திருகிச் சரிசெய்யும் குறி வந்தது. அதே ஆண்டின் இறுதியில் எம்2 வந்தது: நிமிடத்துக்கு 750 வீதம் தொடர்ந்து சுடும் வசதி, முப்பது தோட்டா மேகசின். கைவிட்டிருந்த பழைய கோரிக்கை இப்படித்தான் திரும்பி வந்தது. 1945-இல் ஒகினாவாவில் அகச்சிவப்புக் குறிநோக்கி பொருத்திய கார்பைன்கள் இரவுக் காவலுக்குப் பயன்பட்டன. அது மட்டும் இந்த வளர்ச்சியில் உண்மையான முன்னோடி முயற்சி.

அவப்பெயரில் பெரும்பகுதி கொரியாவில் விளைந்தது. 1950-51 குளிர்காலத்தில் அங்கே காலாட்படைப் போரை ஆராய்ந்த எஸ்.எல்.ஏ. மார்ஷல், சிப்பாய்கள் கார்பைன்மீது நம்பிக்கை இழந்திருப்பதைப் பதிவுசெய்தார். கடுங்குளிரில் எண்ணெய் கெட்டியாகி இயக்கம் தளர்ந்தது உண்மை. சீனச் சிப்பாய்களின் பஞ்சு அடைத்த கோட்டுகள் தோட்டாவைத் தடுத்தன என்ற பேச்சை மட்டும் ஏற்க இயலாது. நூறு கெஜத்தில் 800 ஜூலோடு வரும், உலோகம் போர்த்திய குண்டைப் பஞ்சு நிறுத்தாது. இரவில், அலை அலையாக வரும் தாக்குதலில், இலேசான எம்2-வைத் தொடர்ச்சியாகச் சுடும்போது குழல் மேலே ஏறிவிடும். பெரும்பாலான தோட்டாக்கள் படவே இல்லை என்பதே பொருத்தமான விளக்கம். பட்டவையும் விரியாத உருண்டை முனைக் குண்டுகள். உடனே வீழ்த்தும் திறன் அவற்றுக்குக் குறைவு. இவை கார்பைனின் உண்மையான குறைகள். ஆனால் அந்த மலைச்சரிவுகளில் முன்வரிசை ரைபிளின் வேலையை அதனிடம் ஒப்படைத்தது படைத்தலைமையின் முடிவு.

ஜெர்மனியின் எஸ்டிஜி-44 ரைபிளும் சோவியத்தின் 1943-ஆம் ஆண்டுத் தோட்டாவும் இதே காலத்தில் பிறந்தவை. ரைபிள் தோட்டாவுக்கும் கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கும் இடைப்பட்ட வலுவுடைய இடைநிலைத் தோட்டாவின் முன்னோடியாகக் கார்பைனையும் அவற்றோடு சேர்த்துப் பேசுவோர் உண்டு. அந்த உறவு மேலோட்டமானது. அவை ரைபிளுக்கு மாற்றாகத் திட்டமிடப்பட்டவை. கூர்முனைக் குண்டு கொண்டவை. தொலைவில் ஆற்றலைக் காத்துக்கொள்பவை. கார்பைன் கைத்துப்பாக்கிக்கு மாற்றாகத் திட்டமிடப்பட்டது. போருக்குப் பின் தென் கொரியப் படைக்கும், பிறகு தென் வியட்நாமுக்கும் அது லட்சக்கணக்கில் போனது. மலாயாக் காட்டுப் போரிலும் அதைக் காண்கிறோம். அங்கெல்லாம் அதன் குறைந்த எடையே அதற்குப் பரிந்து பேசியது.

1957-இல் காரண்ட், கார்பைன், சப்மெஷின்கன், பிரௌனிங் தானியங்கி ரைபிள் என நான்கின் இடத்துக்கும் எம்14 என்ற புதிய ரைபிள் ஒன்றே போதும் என்று அமெரிக்க இராணுவம் முடிவுசெய்தது. எம்14-இன் எடை ஒன்பது பவுண்டுக்கு மேல். மோர்ட்டார் சுமப்பவனின் பழைய சிக்கல் அப்படியே திரும்பி வந்தது. 1980-களின் இறுதியில், முன்வரிசையில் இல்லாத படையினருக்கென ஓர் இலேசான தற்காப்பு ஆயுதம் வேண்டும் என்று நேட்டோ புதிதாகக் கோரியது. பெல்ஜியத்தின் பி90 அந்தத் தேவைக்கான விடையாக வந்தது. 1940-இல் எழுதப்பட்ட கோரிக்கையின் சாரத்துக்கும் இதற்கும் வேறுபாடு மிகக் குறைவு.