கதிரைக்கால் கீற எந்த மென்பொருள்?

வீட்டில் தச்சுவேலை செய்பவர்கள் இண்டைக்குப் பாவிக்கிற வரைதல் மென்பொருள்களின் கதை 1963 வரை போகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லண்ட் தன் முனைவர் பட்ட ஆய்வுக்காக 'ஸ்கெச்பாட்' நிரலை எழுதினார். ஒளிப்பேனாவால் திரையில் கோடு கீறலாம். மூலப்படத்தை மாற்றினால் அதன் பிரதிகளும் மாறும். நாலு கால் கதிரை செய்கிற ஆளுக்கு வேற என்ன வேணும்? ஆனால் அந்தக் கணினி ஒரு அறையை நிறைக்கிற சாமான்.

1982 இல் வந்த ஆட்டோகாட் பொறியியலாளர்களுக்கானது. வீட்டில பலகை அறுக்கிறவருக்குக் கட்டுப்படியாகாது.

2000 இல் ஸ்கெச்அப் வந்தது. நீள்சதுரம் ஒன்றைக் கீறி இழுத்தால் பலகை, அவ்வளவுதான். 2006 இல் கூகுள் அதை வாங்கி இலவசப் பதிப்பும் விட்டது. கூகுளுக்குத் தேவைப்பட்டது கூகுள் ஏர்த்தில் வைக்கக் கட்டடங்கள். மேசை கீறினவர்கள் அந்தப் பந்தியில் சும்மா வந்து குந்தியவர்கள். 2012 இல் ட்ரிம்பிள் நிறுவனத்துக்குக் கைமாறியது. கணினியில் நிறுவக்கூடிய இலவசப் பதிப்பு 2017 உடன் நின்றது. இப்ப இலவசம் உலாவிக்குள் மட்டும்தான்; இணையம் இல்லாட்டி கீறல் இல்லை.

அதனால்தான் நான் ஃப்ரீகாட்டைச் சொல்வேன். திறந்த மூலம், 2002 இல் வெளிவந்து, 1.0 பதிப்பை 2024 இல்தான் எட்டியது. பழகக் கஷ்டம், மறைக்கேல்லை. ஆனால் பலகைத் தடிப்பை விரிதாளில் 18 மில்லிமீற்றரிலிருந்து 16 ஆக்கினால், அதோடு பிணைத்த அளவெல்லாம் கூடவே மாறும். ஒரு சுவர்த்தட்டு மட்டும்தான் எண்டால் லிப்ரெகாட்டில் தட்டையான படம் போதும்.