சுறாவின் வாயைக் கட்டியவர்கள்



யப்பானியச் சித்திரக்கதைகளிலே இன்று மந்திரவாதிகளுக்குப் பெரும் செல்வாக்கு. 'ஃபேரி டெய்ல்' கதையில் அவர்கள் சங்கம் அமைத்துக் கூலிக்கு வேலை எடுக்கிறார்கள். 'ஃப்ரீரன்' கதையில் சோதனைகளில் தேறித் தரம் பெறுகிறார்கள். மந்திரமும் ஒரு தொழில், அதற்கும் ஊதியம் உண்டு என்பது நம் பிள்ளைகளுக்குப் புதுமையாகத் தோன்றலாம். மன்னார்க் கரைக்கு அது புதிதன்று. இங்கே அரசாங்கமே மந்திரவாதிக்குக் கூலி கொடுத்தது.

அவருக்குக் 'கடல்கட்டி' என்று பெயர். அரிப்பு, கொண்டச்சிக் கடற்பார்களில் முத்துக் குளிப்போர், காலிலே கல்லைக் கட்டிக்கொண்டு ஒரே மூச்சில் ஆழத்துக்கு இறங்குவர். கீழே சுறா இருக்கலாம். அதன் வாயைக் கட்டுவது கடல்கட்டியின் கடமை. நம் மாந்திரிக நூல்கள் எட்டுக் கருமங்களுள் ஒன்றாகக் கூறும் தம்பனம் இதுவே.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடலைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, அரசனுக்கு முத்தில் பத்தில் ஒரு பங்கும், மீனைக் கட்டுவோருக்கு இருபதில் ஒரு பங்கும் சென்றதாகக் கூறுகிறார். அவர்கள் பகலில் போட்ட கட்டை இரவில் அவிழ்த்துவிடுவார்களாம். ஏன்? இரவிலே களவாக எவரும் முத்துக் குளிக்கக் கூடாது என்பதற்காக! கட்டவிழ்ந்த கடலுக்குள் இறங்க எந்தக் கள்வன் துணிவான்? காவலாளி இல்லாமலே காவல் நடந்தது.

ஆங்கிலேயர் காலத்துக் குறிப்புகள் இன்னும் சுவையானவை. 1807இல் நூல் வெளியிட்ட கோர்டினர் பாதிரியார், தனியறையில் பித்தளைப் பாத்திரத்து நீரில் ஆணும் பெண்ணுமாக இரு வெள்ளி மீன்களை இட்டு அமர்ந்திருக்கும் கடல்கட்டியைக் காட்டுகிறார். கடலில் சுறா எவரையேனும் தாக்கினால், ஒரு மீன் மற்றதைக் கடிக்கும் என்பது நம்பிக்கை. 1797ஆம் ஆண்டுக் குளிப்பை விவரித்த லெ பெக், ஒருவன் சுறாவுக்குக் காலை இழந்த கதையைச் சொல்கிறார். விளக்கம் கேட்டபோது, மலையாளக் கரையிலிருந்து வந்த சூனியக்காரி ஒருத்தி எதிர்மந்திரம் போட்டுவிட்டாள் என்றாராம் தலைமைக் கடல்கட்டி. பின்னர் சுறாக்கள் குளிப்போர் நடுவிலே நீந்தியும் வாய் திறக்க இயலாதபடி கட்டிக் காட்டினாராம். யப்பானியக் கதைகளில் வரும் மந்திரப் போருக்கு இது எவ்விதத்தில் குறைந்தது?

1859இல் தம் நூலை வெளியிட்ட எமர்சன் டெனன்ற் மேலும் ஒன்று சொல்கிறார். பரம்பரையாக வந்த இப்பதவியின் அக்காலத் தலைவர் ஒரு கத்தோலிக்கர். கட்டின் வலிமை சமயத்தைப் பொறுத்ததென எவரும் கருதவில்லை. டெனன்ற் சென்றபோது தலைவர் நோயுற்றிருந்தார். அவருடைய பதிலாளுக்கு மந்திரம் தெரியாது. எனினும், தலைவரின் பிரதிநிதி என்பதால் சுறாக்கள் தம்மை மதிக்கும் என்றாராம் அவர்.

துரைமார் இதையெல்லாம் எழுதிச் சிரித்தார்கள். ஆனால் சம்பளத்தை நிறுத்தவில்லை. கடல்கட்டி இல்லையேல் குளிப்போர் இறங்கமாட்டார்கள். அவர்கள் இறங்காவிட்டால் திறைசேரிக்கு வருமானம் இல்லை. சுறாவால் விபத்து அரிது என்பதையும், படகுகளின் ஆரவாரமே அவற்றை விரட்டியிருக்கும் என்பதையும் அவர்கள் அறிந்திருந்தார்கள். ஆயினும் கரையில் நிற்பவனின் அறிவு, கடலடியில் இருப்பவனுக்குத் துணையாகுமா? கடல்கட்டி கட்டியது சுறாவின் வாயையன்று, மனிதனின் அச்சத்தையே என்பேன் நான். முத்து மன்னருக்கும் வணிகருக்கும் போயிற்று. உயிரைப் பணயம் வைத்தவனுக்குக் கிடைத்த ஒரே கவசம் அந்த நம்பிக்கைதான். அதை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

அந்தத் தொழில் ஓய்ந்ததற்கு யப்பானுக்கும் பங்குண்டு. 1893இல் மிக்கிமோட்டோ என்பார் சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டினார். 1920களில் வளர்ப்பு முத்துகள் உலகச் சந்தையை நிறைக்கத் தொடங்க, இயற்கை முத்தின் மதிப்புச் சரிந்தது. மந்திரவாதிக் கதைகளை இன்று நமக்கு அனுப்பும் நாடே, நம் கடல்கட்டிக்கு வேலை இல்லாமற் செய்த நாடுகளிலும் ஒன்று. அக்கதைகளை விரும்பிப் பார்க்கும் பிள்ளைகளுக்கு நம் கடல்கட்டியின் கதையையும் சொல்லிவைப்போம்.