சின்னப் பச்சை ஆமையின் வரலாறு

உம்மா வாப்பாமாருக்கு ஒரு சின்னச் செய்தி.

மீன் தொட்டிக் கடைகளில் விற்கும், காதோரம் சிவப்புக் கோடுள்ள ஆமையின் தாயகம் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கம். 1950, 60களில் அங்கே பண்ணைகளில் குஞ்சு பொரிக்க வைத்து, விளையாட்டுச் சாமான் போல விற்றார்கள். தொட்டு விளையாடிய பிள்ளைகளுக்கு வயிற்றோட்டமும் காய்ச்சலும் வந்தன. ஆமையிலிருந்த சல்மனெல்லா கிருமிதான் காரணம். 1975இல் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்க அமெரிக்கா தடை போட்டது. ஏற்றுமதி மட்டும் நிற்கவில்லை.

காசளவு குஞ்சு சாப்பாட்டுத் தட்டளவு வளரும். 20, 30 வருடம் வாழும். ஐரோப்பாவில் அலுத்துப் போனவர்கள் குளங்களில் விட்டார்கள். உள்ளூர் ஆமைகளின் இரைக்கும் இடத்துக்கும் அது போட்டியானது. 1997இல் ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதியை நிறுத்தியது.

பூனையை அடைத்து வைத்து, உணவும் கொடுக்காமல், இரை தேடவும் விடாமல் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸ் நமக்குத் தெரியும். இந்த ஆமையை வெளியே விடவும் வழியில்லை; கடைசிவரை பராமரிப்பது ஒன்றுதான் வழி. அதனால் வாங்கும் முன்னரே யோசியுங்கள்.

ஏற்கனவே வீட்டில் இருந்தால், தொட்டபின் பிள்ளைகளைச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். அதற்குச் சுகமில்லை என்றால் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். குளத்தில் மட்டும் விட்டுவிடாதீர்கள்.