பூட்டாத அலமாரி

நான் ஓய்வுபெற்ற நாளன்று சாவிக்கொத்தை ஒப்படைத்தேன். எட்டு சாவிகள். வாசற்கதவுச் சாவி மட்டும் தேய்ந்து பளபளத்தது. மற்ற ஏழும் அலமாரிச் சாவிகள், துருவேறிப் பழுப்பாகிக் கிடந்தன. எனக்குப் பதிலாக வந்த தம்பி ஒன்றைத் தேய்த்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏம்மா, அலமாரியையெல்லாம் பூட்டவே மாட்டீங்களா?”

31 வருடம் பூட்டவில்லை. மன்னார்குடிப் பக்கத்தில் ஒரு கிளை நூலகம். ஊரில் எனக்கு ‘லைப்ரரி அம்மா’ என்றுதான் பெயர். அன்றைக்குக் கையெழுத்துப் போட வேண்டிய பதிவேடுகளே மேசை நிறைய இருந்ததால் தம்பிக்குப் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதில் கொஞ்சம் நீளமானது. அந்தப் பூட்டுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

நான் படித்த பள்ளியில் கண்ணாடி அலமாரி ஒன்று இருந்தது. உள்ளே வரிசையாகப் புத்தகங்கள். முதுகில் இருக்கும் பெயரைக் கண்ணாடி வழியாகப் படிக்கலாம். வேண்டுமென்றால் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். நான் போய் நின்றால், “என்ன புத்தகம் வேணும், பேரைச் சொல்லு” என்பார்கள். எனக்குப் பெயர் தெரியாது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தானே போனேன்! பூட்டிய அலமாரியிலிருந்து ஒருவருக்குக் கிடைப்பது அவருக்கு ஏற்கெனவே தெரிந்த புத்தகம் மட்டும்தான். தெரியாத புத்தகம் கடைசி வரைக்கும் தெரியாமலே போய்விடும்.

இது பெரிய படிப்பாளிகளுக்கும் நேர்ந்திருக்கிறது. 1880இல் கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார் உ.வே. சாமிநாதையர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வருடக்கணக்கில் பாடம் கேட்டவர், கல்லூரியில் தமிழ் சொல்லிக் கொடுப்பவர். முதலியார் அவரிடம் சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்று விசாரித்தார். ஐயர் படித்ததில்லை. அவர் அதுவரை கற்றதெல்லாம் அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என்று வேறு வரிசை. அந்த ஒரு கேள்வி அவரைச் சுவடி தேடி ஊர் ஊராக அலைய வைத்தது. 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. பிறகு பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு என்று தொடர்ந்தது. தமிழின் பழைய நூல்களை ஊருக்கெல்லாம் காட்டியவருக்கே முதலில் இன்னொருவர் விரல் நீட்டிக் காட்ட வேண்டியிருந்தது. அப்படி ஒரு முன்சீப் எல்லாருக்கும் வாய்ப்பாரா? வாய்க்காதவர்களுக்கு அலமாரிதான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். அதற்கு முதலில் அது திறந்திருக்க வேண்டும்.

அலமாரியைத் திறந்துவைத்தவர் எங்கள் காவிரிப் பக்கத்துக்காரர். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். மாநிலக் கல்லூரியில் கணக்கு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக வந்தார். வந்த சில நாளிலேயே சலித்துப்போய், வகுப்புக்கே திரும்பிவிடுகிறேன் என்று கேட்டார். லண்டன் போய் நூலகப் படிப்பைப் பார்த்துவிட்டு வாருங்கள், அப்போதும் பிடிக்காவிட்டால் திரும்பிவிடலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அங்கே ஊர் ஊராக நூலகங்களைப் பார்த்தார். சாதாரண மக்கள் உள்ளே நடந்துபோய், தாங்களே புத்தகத்தை எடுத்துப் புரட்டி, பிடித்ததை வீட்டுக்குக் கொண்டுபோவதைப் பார்த்தார். சென்னைக்குத் திரும்பியவர் தன் நூலகத்தில் அலமாரிகளை வாசகர்களுக்குத் திறந்துவிட்டார். மறுபடி கணக்கு வகுப்புக்குத் திரும்பவேயில்லை.

லண்டனில் ஒரு கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளைப் பார்த்தார். ஓட்டை போட்ட தகடும் திருகாணியும் வைத்து விதவிதமான உருவங்களை மாட்டிச் சேர்க்கும் சாமான். ஒரு புத்தகத்தின் பொருளையும் இப்படித் துண்டு துண்டாகப் பிரித்து எண்ணாலும் எழுத்தாலும் சேர்க்கலாமே என்று தோன்றியதில் பிறந்தது 1933இல் வெளியான கோலன் பகுப்பு முறை. அதில் தமிழுக்கு எண் 31. கவிதைக்கு 1, நாடகத்துக்கு 2, புனைகதைக்கு 3. பார்க்க வெறும் எண்தான். ஆனால் ஒரு பொருளைப் பற்றிய புத்தகத்துக்குப் பக்கத்தில் அதன் உறவுக்காரப் புத்தகம் உட்காரும்படி செய்வது அந்த எண். கை ஒன்றைத் தேடிப் போகும்போது கண் பக்கத்தில் இருப்பதைப் பார்த்துவிடும். இந்தச் சின்னத் தடுமாற்றத்துக்காக ஒரு கணக்கு வாத்தியார் வாழ்நாளைச் செலவழித்திருக்கிறார்.

அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1931இல், நூலகத்துக்கான அவருடைய ஐந்து விதிகள் புத்தகமாக வந்தன. புத்தகம் இருப்பது பயன்படுத்தத்தான் என்பது முதல் விதி. மூன்றாவது விதிதான் எனக்கு உயிர்: எந்தப் புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகர் எங்கோ இருக்கிறார், அவரிடம் அதைச் சேர்ப்பது நூலகத்தின் கடமை. பயிற்சிக் காலத்தில் இதை மனப்பாடம் செய்தேன். அர்த்தம் பிடிபட எனக்குப் பத்து வருடம் ஆயிற்று.

அதே 1931இல் எங்கள் மன்னார்குடியில் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை என்ற ஓய்வுபெற்ற பொறியாளர் இந்த விதியை மாட்டு வண்டியில் ஏற்றினார். வண்டிக்குள் அலமாரி அமைத்து, புத்தகங்களை அடுக்கி, சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு ஓட்டினார். வயலுக்கு எருவும் வைக்கோலும் போன பாதையில் புத்தகம் போனது. மன்னார்குடிச் சாலையில் பேருந்தில் போகும்போதெல்லாம் அந்த வண்டியை நினைத்துக்கொள்வேன். வாசகர் வரட்டும் என்று காத்திருக்காமல் வாசகர் இருக்கும் களத்துமேட்டுக்கே போன வண்டி அது.

வண்டி ஒரு மனிதரின் பாடு. அவருக்குப் பின்னும் ஓட வேண்டுமென்றால் சட்டம் வேண்டும், பணம் வேண்டும். 1928இல் தொடங்கிய சென்னை நூலகச் சங்கத்தின் செயலாளராக இருந்து ரங்கநாதன் இதற்காக வாதாடிக்கொண்டே இருந்தார். தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுதான். வீட்டு வரியோடு ஒரு சிறு தொகை நூலக வரியாகச் சேர்ந்தது. குடிசைக்கு வரி கட்டியவரும் மாடிவீட்டுக்குக் கட்டியவரும் சேர்ந்து வாங்கியவைதான் என் அலமாரிப் புத்தகங்கள். நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறையையும் நூலகத்துறையையும் சேர்த்துப் பார்த்த காலத்தில் கிளைகள் ஊர் ஊராகப் பரவின. இன்று மாநிலம் முழுக்க 4,000க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள். அதில் ஒன்று என்னுடையது: ஓட்டு வீடு, இரண்டு பெஞ்சு, ஒரு நீள மேசை, ஏழு அலமாரி.

அந்த ஏழு அலமாரிக்குள் உலகம் எப்படி வந்தது என்பதும் ஒரு வரலாறு. ஆண்டுதோறும் நூலக ஆணையில் தேர்வாகும் புத்தகங்கள் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். சமையலும் சோதிடமும் சித்த மருத்துவமும் நவீன நாவலும் ஒரே கட்டில் வரும். நேஷனல் புக் டிரஸ்ட் வழியாக அதீன் பந்த்யோபாத்யாயவின் ‘நீலகண்டப் பறவையைத் தேடி’ வங்காளத்திலிருந்து வந்தது. கா.ஸ்ரீ.ஸ்ரீ.யின் மொழிபெயர்ப்பில் காண்டேகர் மராத்தியிலிருந்து வந்தார். 1951இல் தொடங்கிய நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்களை மலிவு விலைக்குக் கொடுத்தது. கெட்டி அட்டை, வழவழப்பான தாள். பூ. சோமசுந்தரமும் ரா. கிருஷ்ணய்யாவும் நா. தர்மராஜனும் மொழிபெயர்த்த ரஷ்யக் கதைகள். 1991இல் சோவியத் நாடு கலைந்ததும் அந்த வரத்து நின்றது. எங்கள் ஊரில் அதற்காக வருத்தப்பட்டவர் ஒரு சைக்கிள் கடைக்காரர். செகாவின் கதைகளை இரண்டு தடவை படித்தவர்.

ஆனால் அலமாரி திறந்திருந்தால் மட்டும் போதாது என்பதைச் சீக்கிரமே கண்டேன். தொடர்கதைக்காரர் தொடர்கதை அலமாரிக்கு நேரே போவார், நேரே திரும்புவார். மற்ற ஆறு அலமாரியும் அவருக்குச் சுவர் மாதிரி. வழி காட்டியது ஒரு தற்செயல். ஒருமுறை காய்ச்சலில் கிடந்ததால் வாசகர்கள் திருப்பிக் கொடுத்த புத்தகங்களை இரண்டு நாள் அடுக்க முடியவில்லை. எல்லாம் நீள மேசையில் குவிந்து கிடந்தன. மறுநாள் பார்த்தால் வந்தவர்கள் எல்லாரும் அலமாரியை விட்டுவிட்டு மேசையைச் சுற்றி நிற்கிறார்கள்! இன்னொருவர் படித்துவிட்டு வைத்தது என்றால் அதில் ஏதோ இருக்கத்தான் வேண்டும் என்று ஒரு நம்பிக்கை. அங்கே கவிதையும் பம்ப்செட் பழுதும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. அன்றிலிருந்து திரும்பி வரும் புத்தகங்களை மூன்று நாள் மேசையில் வைத்துவிட்டுத்தான் அடுக்கினேன். நடுவே யாருமே எடுக்காத ஒரு புத்தகத்தையும் மெல்லச் செருகி வைப்பேன்.

எங்கள் ஊரில் ஒரு விவசாயி. சாண்டில்யனைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார். ‘கடல் புறா’ மூன்று பாகத்தையும் எத்தனை தடவை எடுத்தார் என்று தவணைத் தாளைப் பார்த்தால் தெரியும். ஒருநாள் மேசையில் நான் செருகியிருந்த ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யை எடுத்துக்கொண்டு போனார். பத்து நாள் கழித்து வந்து, “கடல் கதைன்னு எடுத்தேம்மா. இது வேற மாதிரி இருக்கு” என்றார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, “எங்க பெரியப்பா மலேயாவுக்குப் போயி, சண்டை வந்தப்ப அங்கேயே போயிட்டாரு. எப்படி இருந்திருப்பாங்கன்னு இப்பதான் தெரியுது” என்றார். 1972இல் வந்தபோது பலர் கவனிக்காமல் விட்ட நாவல் அது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து மெடானையும் பினாங்கையும் சொல்வது. அதற்குரிய வாசகர்களில் ஒருவர் எங்கள் ஊர் வாய்க்கால் கரையில் இருந்திருக்கிறார். அதன்பின் அவரே கேட்டார்: சோழர் கப்பல் நிஜமாகவே கடாரம் போனதா? நீலகண்ட சாஸ்திரியின் ‘சோழர்கள்’ தமிழில் இருந்தது, கொடுத்தேன். பிறகு ஏ.கே. செட்டியாரின் பயணக் கட்டுரைகள். சரித்திரக் கதை, நவீன நாவல், வரலாறு, பயணம் என்று நாலு அலமாரியை அவர் ஒரே கடலில் கடந்துவிட்டார். மூன்றாம் விதிக்கு அர்த்தம் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

மேசைக்கு இன்னொரு வழியாகவும் புத்தகம் வந்தது. வாரப் பத்திரிகைத் தொடர்களைக் கிழித்துச் சேர்த்து, ஊசி நூலால் தைத்து, காலிக்கோ ஒட்டி பைண்டு செய்து வைத்திருந்த வீடுகள் டெல்டாவில் ஏராளம். ‘பொன்னியின் செல்வன்’ 1950இலிருந்து மூன்றரை வருடம் கல்கியில் வந்ததை வாராவாரம் சேர்த்த கைகள் அவை. பெரியவர்கள் போன பின் பிள்ளைகள் அந்தக் கட்டுகளை என்னிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள். மணியம் வரைந்த படத்தோடு அத்தியாயம். அதன் பின்பக்கத்தில் யாரோ எழுதிய சிறுகதையின் கடைசிப் பத்தி, ஒரு கட்டுரையின் பாதி, தைல விளம்பரம். அந்தப் பாதிக் கதையைப் படித்துவிட்டு, “இதை எழுதினது யாரும்மா? முழுசா இருக்கா?” என்று கேட்டு வந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணை நான் மறக்கவில்லை. எழுத்தாளர் பெயர் கிழிந்து போயிருந்தது. அதைத் தேடித் தேடியே அவள் இரண்டு அலமாரிச் சிறுகதைகளைப் படித்து முடித்தாள். தி. ஜானகிராமனை அப்படித்தான் பிடித்தாள். பக்கத்துத் தேவங்குடியில் பிறந்தவர் என்று சொன்னபோது அவளுடைய முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

பூட்டாததற்கு ஒரு விலை உண்டு. எந்த ஊர் நூலகரும் இருப்புச் சரிபார்ப்பு என்றால் பயப்படுவார். பதிவேட்டில் இருக்கும் புத்தகம் அலமாரியில் இல்லாவிட்டால் பொறுப்பு அவருடையது. பூட்டு பிறந்தது கஞ்சத்தனத்தில் அல்ல, இந்தப் பயத்தில்தான். பழைய நூலகர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கும் குடும்பம் இருந்தது.

ஓய்வுக்கு முன்னால் நடந்த சரிபார்ப்பில் 23 புத்தகங்கள் இல்லை. பணத்தைக் கட்டினேன். அந்தப் பட்டியலின் நகல் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். நாட்டுமாடு வளர்ப்பு. ஒரு ஆங்கில இலக்கணம். தொ. பரமசிவனின் ‘அறியப்படாத தமிழகம்’. வீட்டு வைத்தியம். கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’. வயரிங் கையேடு. மாஸ்கோவில் அச்சான குழந்தைக் கதை ஒன்று. ‘புயலிலே ஒரு தோணி’யும் அதில் இருக்கிறது.

தம்பி, பூட்டியிருந்தால் இந்த 23ம் அங்கேயே இருந்திருக்கும். எங்கள் ஊர் எதையெதை விரும்பியது என்று மட்டும் எனக்குத் தெரியாமல் போயிருக்கும்.