தகர டப்பாவும் பார்லியும்

1821இல் பகுதி பகுதியாக வெளிவரத் தொடங்கிய 'காட்டேஜ் எகானமி' என்ற நூலில் வில்லியம் காபெட் ஒரு சாட்சியத்தை எடுத்துக்காட்டுகிறார். சஸெக்ஸைச் சேர்ந்த எல்மன் என்ற முதிய விவசாயி பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் முன் கூறியது அது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் அவருடைய ஊரில் தன் வீட்டிலேயே பியர் தயாரிக்காத கூலித் தொழிலாளி ஒருவர்கூட இருந்ததில்லை; இப்போதோ, யாரேனும் மால்ட்டை இனாமாகக் கொடுத்தாலொழிய ஒருவரும் தயாரிப்பதில்லை. ஒரே தலைமுறைக்குள் ஒரு சமையலறைக் கைத்தொழில் அற்றுப்போனதை ஒரு விவசாயி இவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார். இருபதாம் நூற்றாண்டில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் சிலர் தகர டப்பாவில் வந்த பாகைக் கைவிட்டு, முழுத் தானியத்திலிருந்தே பியர் செய்ய முற்பட்ட கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எல்மன்தான் நினைவுக்கு வருகிறார்.

சற்று விலகி, சொல்லைப் பற்றி ஒன்று. 'வீட்டில் காய்ச்சுகிறார்கள்' என்று தமிழில் எழுதிய உடனே ஊறல் பானைகளும் காவல்துறையும் நம் மனக்கண்ணில் வந்துவிடுகின்றன. பியர் சாராயமன்று. அதில் ஆவியாக்கி வடிப்பது இல்லை. நம் வீடுகளில் கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தி, திரித்துக் குழந்தைக்குக் கூழ் காய்ச்சுகிறார்களே, அதன் முதற்பாதியைப் பார்லிக்குச் செய்தால் கிடைப்பதே மால்ட். முளைவிடும் தானியத்தில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் உருவாகின்றன. கேழ்வரகுக் கூழ் இளகி இனிப்பதும் பார்லிச் சாறு இனிப்பதும் ஒரே காரணத்தால்தான். பெரும்பாணாற்றுப்படையில் வீட்டில் ஆக்கிய நெற்கள்ளான தோப்பியைப் பற்றிய செய்தி உண்டு. நமக்கும் இது முற்றிலும் அந்நியமான அறிவாக இருந்ததில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

காபெட்டின் கோபம் வரியின் மீது. 1697இல் இங்கிலாந்தில் விதிக்கப்பட்ட மால்ட் வரி போர்ச் செலவுகளோடு சேர்ந்து உயர்ந்துகொண்டே போனது. ஹாப்ஸ் பூவுக்கும் வரி இருந்தது. ஏழையின் வீட்டில் பியர் வற்றிப்போக, அந்த இடத்தில் தேநீர் வந்து அமர்ந்தது. தேநீரை அவர் வசைபாடும் பக்கங்கள், தேநீரிலேயே வளர்ந்த நமக்குச் சிரிப்பை வரவழைக்கும். ஆனால் அந்த நூலின் மற்ற பக்கங்கள் சிரிப்புக்குரியவை அல்ல. எத்தனை பாத்திரம், எவ்வளவு மால்ட், எப்போது நீரை ஊற்றுவது என்று அறிவு கைநழுவிப்போன ஒரு தலைமுறைக்கு அரிச்சுவடியிலிருந்து கற்பிக்கிறார். நீரின் வெப்பத்துக்கு அவர் கூறும் அளவு 170 பாரன்ஹீட், அதாவது ஏறத்தாழ 77 செல்சியஸ். வெப்பமானி இல்லாதவர்களுக்கு வேறொரு வழி சொல்கிறார்: கொதித்து இறக்கிய நீரின் மேல் எழும் ஆவி அடங்கி, உன் முகம் அதில் தெளிவாகத் தெரியும்போது மால்ட்டைப் போடு. குளிர்ந்த தானியம் விழுந்ததும் வெப்பம் தானாகவே தேவையான அளவுக்கு இறங்கிவிடும்.

1880இல் கிளாட்ஸ்டன் மால்ட் வரியை நீக்கினார். காபெட் இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார் என்று அவசரப்பட்டு எழுத வேண்டாம். வரி தானியத்திலிருந்து, அதை ஊறவைத்துப் பெறும் இனிப்புச் சாற்றுக்கு நகர்ந்தது. அத்துடன், தன் வீட்டுக்காக மட்டும் பியர் செய்பவரும் உரிமம் பெறவேண்டியதாயிற்று. இந்த நிலை 1963 வரை நீடித்தது. அவ்வாண்டு வரவுசெலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் வீட்டு உரிமத்தை ஒழித்தார். அடுத்த பத்தாண்டுகளில் பூட்ஸ் மருந்துக் கடைகளிலேயே பியர் 'கிட்'கள் விற்கப்பட்டன.

கிட் என்பது என்ன? தொழிற்சாலையில் யாரோ மால்ட்டை ஊறவைத்து, சாற்றை வடித்து, ஹாப்ஸ் சேர்த்து, நீரைச் சுண்டவைத்துப் பாகாக்கி டப்பாவில் அடைத்திருப்பார்கள். மூடிக்கு அடியில் ஒரு பொட்டலம் ஈஸ்ட். வாங்கியவர் வெந்நீரில் கரைத்து, ஒரு கிலோ சர்க்கரை சேர்த்து, நீர் விட்டு, ஈஸ்டைத் தூவி மூடிவைத்தால் போதும். வெறும் சர்க்கரை மிகுந்ததால் பெரும்பாலும் உடல் மெலிந்த ஒரு பானம் கிடைக்கும். மலிவு என்பதே அதன் முதல் நியாயம்.

அமெரிக்காவில் இந்த டப்பாவின் வரலாறு இன்னும் விசித்திரமானது. 1920 ஜனவரியில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தபோது பியர் ஆலைகள் என்ன செய்யும்? பாப்ஸ்டும் அன்ஹைசர்-புஷ்ஷும் மால்ட் பாகு விற்றன. ரொட்டி சுடவும் இனிப்புக்கும் பயன்படும் பொருள் என்பது அதன் வெளித்தோற்றம். நாடு முழுவதும் மளிகைக் கடைகளில் அவ்வளவு பாகு விற்றது ரொட்டிக்காக அல்ல என்பது விற்றவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும். ரொட்டி ஈஸ்டும் சர்க்கரையும் கலந்து, நொதிப்பு முடியுமுன்பே புட்டியில் அடைத்து, நள்ளிரவில் நிலவறையில் புட்டிகள் வெடிக்கும் ஓசை கேட்டு விழித்த குடும்பங்கள் ஏராளம். அந்தப் பானத்தின் சுவையைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னவர்கள் அரிது.

1933இல் விலக்கு நீங்கியது. வீட்டில் திராட்சை மது செய்துகொள்ள அனுமதி கிடைத்தது, பியருக்குக் கிடைக்கவில்லை. இந்த விடுபடல் நாற்பத்தைந்து ஆண்டுகள் சட்டத்தில் அப்படியே கிடந்தது. இதற்கிடையே 1974இல் லாஸ் ஏஞ்சலிஸில் 'மால்டோஸ் ஃபால்கன்ஸ்' என்ற வீட்டுப் பியர்க்காரர்களின் சங்கம் தொடங்கப்பட்டது. சட்டம் தடுத்த ஒன்றுக்குப் பெயர்சூட்டிச் சங்கம் வைத்திருந்தார்கள் என்பதிலிருந்தே அந்தச் சட்டத்தின் மதிப்பு விளங்கும். கலிஃபோர்னியாவின் செனட்டர் ஆலன் கிரான்ஸ்டன் முன்னின்று கொணர்ந்த திருத்தத்தைத் தாங்கிய மசோதாவில் ஜனாதிபதி கார்ட்டர் 1978 அக்டோபர் 14 அன்று கையெழுத்திட்டார். வயதுவந்த ஒருவர் ஆண்டுக்கு 100 காலன், இருவரோ அதற்கு மேலோ உள்ள வீட்டில் 200 காலன் வரியின்றித் தயாரிக்கலாம் என்றானது. மாநிலங்கள் தம் விருப்பப்படி தடுக்கலாம் என்பதால் அலபாமாவும் மிசிசிப்பியும் 2013இல்தான் கதவைத் திறந்தன.

ஆக, கிட் என்பது சோம்பேறிகளின் கண்டுபிடிப்பு அல்ல. சட்டம் தானியத்தின் மீதும் சாற்றின் மீதும் கைவைத்தபோது மிஞ்சியிருந்த சந்து அது. அதை ஏளனம் செய்யும் பிற்காலத்துத் தானியக்காரர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அறுபட்ட நூலின் ஒரு முனையை அந்த அழுக்குப் பாகுதான் பிடித்துக்கொண்டிருந்தது.

ஆனால் அந்த முனையைப் பிடித்தபடியே நிற்க விரும்பாதவர்களும் இருந்தார்கள். பிரிட்டனில் டேவ் லைன் என்ற மின்பொறியாளர் 1974இல் 'தி பிக் புக் ஆஃப் புரூயிங்' என்ற நூலை எழுதினார். பிளாஸ்டிக் வாளியும் துணிப்பையும் கொண்டு, கடையில் விற்கும் நல்ல பியருக்கு நிகரானதைச் சமையலறையில் முழுத் தானியத்திலிருந்தே செய்யலாம் என்று காட்டினார். இளவயதிலேயே மறைந்துவிட்ட அவருடைய நூல் ஒரு தலைமுறையின் கைந்நூலாக இருந்தது. அமெரிக்காவில் பள்ளி ஆசிரியராக இருந்த சார்லி பபாசியன் 1978இல் போல்டரில் வீட்டுப் பியர்க்காரர்களுக்கு ஒரு தேசிய சங்கம் நிறுவினார். 1984இல் வெளிவந்த அவருடைய நூல் வாசகரைப் படிப்படியாக ஏற்றியது: முதலில் டப்பா, பிறகு பாகோடு கொஞ்சம் வறுத்த தானியம், பிறகு பாதிக்குப் பாதி, கடைசியில் முழுத் தானியம். அடியில் துளையிட்ட வாளி ஒன்றை இன்னொரு வாளிக்குள் இறக்கி வடிகலன் செய்யும் வழியையும் அவர் கற்பித்தார்.

இந்தப் படிக்கட்டு முறை பலரை உள்ளே அழைத்துவந்தது உண்மை. ஆனால் அது ஒரு தீங்கும் செய்தது என்பேன். சஸெக்ஸின் கூலித் தொழிலாளி வீட்டில் பெண்கள் வெப்பமானி இல்லாமல் செய்துவந்த வேலையை அது மலையுச்சியாகக் காட்டியது. மூன்று பெரிய கலன்கள், பம்புகள், ஒவ்வொரு பாகைக்கும் ஓர் எச்சரிக்கை என்று அச்சம் வளர்ந்தது. பலர் ஆண்டுக்கணக்கில் பாகிலேயே தங்கினர்.

உண்மையில் செய்யவேண்டியது இவ்வளவுதான். இருபது லிட்டர் பியருக்கு நான்கைந்து கிலோ உடைத்த மால்ட். கிலோவுக்கு இரண்டரை முதல் மூன்று லிட்டர் சூடான நீர். கலவை 65 முதல் 68 செல்சியஸுக்குள் ஒரு மணி நேரம் நிற்கவேண்டும். வெப்பம் இந்த எல்லையின் கீழ்ப்பக்கம் இருந்தால் ஈஸ்ட் முழுவதையும் தின்றுவிடக்கூடிய சர்க்கரை மிகுந்து பியர் உலர்ந்திருக்கும்; மேல்பக்கம் இருந்தால் ஈஸ்ட் தொடாத சர்க்கரை எஞ்சி, வாயில் கனமாக நிற்கும். ஒரு சொட்டு அயோடினில் நீலக்கருமை தோன்றாவிட்டால் மாவுச்சத்து தீர்ந்தது எனலாம். பிறகு சாற்றை வடித்து, தானியத்தில் ஒட்டியிருப்பதைச் சூடான நீரால் கழுவி, ஹாப்ஸோடு ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, ஆறவிட்டு ஈஸ்ட் இடவேண்டும். உல்லாசப் பயணத்துக்கு ஐஸ் வைத்து எடுத்துச்செல்லும் பிளாஸ்டிக் பெட்டி குளிரைப் போலவே வெப்பத்தையும் காக்கும் என்பதைக் கண்டுகொண்ட பிறகு மூன்று கலன்களில் ஒன்றின் பயங்கரம் போயிற்று. 2000களின் நடுப்பகுதியில் ஆஸ்திரேலியர்கள் இன்னும் துணிந்து, ஒரே பானையில் ஒரு பெரிய துணிப்பை, அதற்குள் தானியம், நேரம் முடிந்ததும் பையைத் தூக்கிப் பிழிவது என்று முடித்துவிட்டார்கள். தேநீர்ப் பையைத் தூக்குவது போல! காபெட் முகத்தைச் சுளித்திருப்பார்.

ஒன்றை மறைப்பதற்கில்லை. இந்த எளிமை முழுவதும் வீட்டுக்காரரின் சாதனையன்று. இன்றைய மால்ட் ஆலையில் சீராக முளைக்கவைக்கப்பட்டு வருவதால்தான் ஒரே வெப்பநிலையில் ஒரு மணி நேரம் போதுமானதாக இருக்கிறது. சீரற்ற மால்ட்டோடு போராடிய மத்திய ஐரோப்பியர்கள் கூழில் ஒரு பகுதியை எடுத்துக் கொதிக்கவைத்துத் திருப்பி ஊற்றி, படிப்படியாக வெப்பத்தை ஏற்றினார்கள். அரைநாள் பிடிக்கும் வேலை அது. டப்பாவைத் துறந்தவர் தொழிற்சாலையைத் துறந்துவிடவில்லை. அதன் வாசலில் இன்னும் ஒரு படி முன்னதாக நின்று வாங்குகிறார். தம் கொல்லையில் பார்லி விதைத்து, தாமே முளைகட்டி, அடுப்பில் உலர்த்திப் பார்ப்பவர்களும் அங்கே சிலர் உண்டு. முதல் தடவை பாதி மால்ட் பூஞ்சை பிடித்துப்போகிறது என்கிறார்கள்.