தோற்றவர்க்கும் நினைவு உண்டு

பீர்க்கன்கரணையில் நாங்கள் குடியிருக்கும் தெருவில், மன்னாரிலிருந்து வந்த மூதாட்டி ஒருவர் தம் மகள் குடும்பத்தோடு வாழ்கிறார். 1990ஆம் ஆண்டின் கோடையில் படகேறி வந்தவர். மண்டபம் முகாமில் தொடங்கிய அகதி வாழ்வு, பல ஊர்களைக் கடந்து இந்தப் புறநகரில் வந்து நின்றிருக்கிறது. வன்னியில் தங்கிவிட்ட தம் தங்கையைப் பற்றி 2009க்குப் பின் அவருக்கு ஒரு செய்தியும் இல்லை. ஒரு மாலைப் பொழுதில் அவர் என்னிடம் கேட்டார்: "தம்பி, முள்ளிவாய்க்காலிலை செத்த சனத்தை ஆராவது எண்ணி முடிச்சவையோ?"

விடை சொல்ல இயலாமல் வீடு திரும்பினேன். எண்ணி முடிக்கப்படாத இன்னொரு மக்கள் கூட்டம் அன்றிரவு நினைவுக்கு வந்தது. அவர்கள் ஆப்பிரிக்காவின் நைஜீரியாவில் வாழும் இக்போ மக்கள். நமக்கும் அவர்களுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். வரலாறு சில வேளைகளில் ஒரே கதையை இரண்டு கண்டங்களில் எழுதிப் பார்க்கிறது.

கல்வி தந்த உயர்வும் பகையும்

யாழ்ப்பாணத்தின் வறண்ட மண்ணில் பிறந்தவர்களுக்குக் கல்வியே வயல். அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் நிறுவிய உயர்கல்விக் கூடமும், பின்னர் பெருகிய கத்தோலிக்க, சைவப் பள்ளிகளும் அவர்களைக் கொழும்பு அலுவலகங்களுக்கும் மலேயாவின் இரயில் நிலையங்களுக்கும் அனுப்பி வைத்தன. 1885இல் தூய ஆவி சபைக் குருக்கள் ஒனிட்சாவில் கால் வைத்தபின் இக்போ நாட்டிலும் இதுவே நடந்தது. பள்ளியில் படித்த இக்போ இளைஞர், வட நைஜீரிய நகரங்களில் எழுத்தராகவும் இரயில்வே ஊழியராகவும் வணிகராகவும் பரவினர். இரு நாடுகளிலும் ஆங்கிலேயர் வெளியேறியபோது, "எங்கள் பதவிகளை இவர்கள் பறித்துக்கொண்டனர்" என்ற குரல் எழுந்தது. உழைப்பால் வந்த உயர்வு, குற்றமாக மாற்றி எழுதப்பட்டது.

கிழிந்த உடன்படிக்கைகள்

இலங்கையில் 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தது. 1957 ஜூலையில் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் ஓர் ஒப்பந்தம் கண்டனர். அடுத்த ஆண்டு ஏப்ரலில், பிக்குகளின் எதிர்ப்பால் அது கைவிடப்பட்டது. 1965இல் டட்லி சேனநாயக்காவுடன் கண்ட உடன்பாடும் ஏட்டோடு நின்றது.

நைஜீரியாவில் 1966 ஜனவரியில் இளம் இராணுவ அதிகாரிகள் ஆட்சியைக் கவிழ்த்தனர். பிரதமர் அபூபக்கர் தஃபாவா பலேவா கொல்லப்பட்டார். அதிகாரிகளில் பலர் இக்போக்கள் என்பதால் பழி அம்மக்கள் அனைவர் மீதும் விழுந்தது. அவ்வாண்டு வட நகரங்களில் இக்போக்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டனர். பத்து இலட்சத்துக்கும் அதிகமானோர் கிழக்கே ஓடினர். 1967 ஜனவரியில் கானா நாட்டின் அபுரியில் கண்ட உடன்பாட்டை இரு தரப்பும் வெவ்வேறாகப் பொருள் கொண்டன. மே 30இல் ஓஜுக்வு பயாஃப்ரா என்ற தனிநாட்டை அறிவித்தார். ஜூலையில் போர் மூண்டது.

1983 ஜூலையில் கொழும்பிலிருந்து கப்பலேறி வடக்கே வந்த தமிழரின் முகத்தை அறிந்தவர்க்கு, 1966இல் கிழக்கு நோக்கிப் புறப்பட்ட இரயில்களை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

பசியும் எண்ணிக்கையும்

பயாஃப்ராவை வீழ்த்தியதில் துப்பாக்கியைவிடப் பசிக்கே பங்கு மிகுதி. முற்றுகையால் குழந்தைகள் மடிந்தனர். கத்தோலிக்கரும் புரோட்டஸ்தாந்தரும் கைகோத்து, சாவோ டோமே தீவிலிருந்து ஊலி என்னும் சாலை ஓடுதளத்துக்கு இருளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட முறை விமானங்களில் உணவு கொண்டு சென்றனர். அப்படியும் மாண்டவர் பத்து இலட்சத்துக்கும் அதிகம் என்பதே பொதுவான மதிப்பீடு. சரியான தொகை இன்றளவும் இல்லை.

வன்னிக்கு அத்தகைய விமானங்கள் வரவில்லை. இறுதிப் போரில் நாற்பதாயிரம் பொதுமக்கள் வரை மாண்டிருக்கக்கூடும் என்று ஐ.நா. வல்லுநர் குழு 2011இல் கூறியது. அதே ஆண்டு ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு, அரசு, ஐ.நா. புள்ளிவிவரங்களைக் கூட்டிக் கழித்து, கணக்கில் வராதவர் 1,46,679 பேர் என்று அரசு ஆணைக்குழுவிடம் எழுதிக் கொடுத்தார். அவர் கேட்டது பழிவாங்குதல் அன்று, கணக்கு. 2021 ஏப்ரல் 1இல் அவர் மறைந்தார். கணக்கு தீரவில்லை.

போருக்குப் பின்

1970 ஜனவரியில் பயாஃப்ரா சரணடைந்ததும், வென்றவரும் இல்லை, தோற்றவரும் இல்லை என்று அறிவித்தார் ஆட்சித் தலைவர் கோவன். உயர்ந்த சொல்தான். ஆனால் வங்கியில் எவ்வளவு போட்டிருந்தாலும் இக்போக்களுக்குக் கிடைத்தது இருபது பவுண்டு. போர்ட் ஹார்க்கோர்ட் நகரில் அவர்கள் விட்டுவந்த வீடுகள் "கைவிடப்பட்ட சொத்து" எனப் பெயர் பெற்றன.

அவர்கள் எழுந்த விதம் வியப்புக்குரியது. வணிகர் ஒருவர் ஏழைச் சிறுவனைப் பல ஆண்டுகள் தம்மிடம் வைத்துத் தொழில் கற்பித்து, முடிவில் முதல் கொடுத்துத் தனிக்கடை வைத்துத் தருவார். இந்தப் பழைய வழக்கமே சிதைந்த சமுதாயத்தை மீண்டும் நிமிர்த்தியது.

எனினும், "நாங்கள் முழுக் குடிமக்களா?" என்ற கேள்வி ஓயவில்லை. பிற மண்டலங்களுக்கு ஆறு அல்லது ஏழு மாநிலங்கள் இருக்க, தென்கிழக்குக்கு ஐந்தே. நிறைவேற்று அதிகாரம் கொண்ட அதிபராக ஓர் இக்போ இதுவரை தேர்ந்தெடுக்கப்படவில்லை. கூட்டாட்சியைத் திருத்தினால் போதும் என்பார் சிலர். பிரிவே வழி என்பார் வேறு சிலர். 2021இல் பிரிவினை இயக்கத்தார் தொடங்கிவைத்த திங்கட்கிழமைக் கடையடைப்பு, கூலிக்காரரின் வயிற்றிலேயே அடித்தது.

நம்மிடையே வாழும் ஈழத்தமிழருக்கும் இதே கேள்விதான். 1987 ஜூலை 1க்குப் பின் இங்கு பிறந்த குழந்தைக்குப் பெற்றோரில் ஒருவரேனும் இந்தியக் குடிமகனாக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. 2019இன் திருத்தச் சட்டமும் இலங்கையைச் சேர்க்கவில்லை. 2021இல் தமிழக அரசு அகதிகள் முகாம்களுக்கு "மறுவாழ்வு முகாம்" என்று பெயர் மாற்றியது. பெயர் மாறியதில் கண்ணியம் உண்டு; ஆனால் தாம்பரத்தில் படித்துத் தேறிய பெண் அரசு வேலைக்கு விண்ணப்பிக்க அது உதவாது.

நம் பக்கத்துக் கணக்கு

ஒன்றை மறைத்தால் இக்கட்டுரை பொய்யாகிவிடும். பயாஃப்ராவுக்குள் வாழ்ந்த இபிபியோ, இஜா போன்ற சிறு இனத்தவர் பலர், இக்போ ஆதிக்கத்துக்கு அஞ்சினர். ஐயத்துக்கும் வன்முறைக்கும் ஆளாயினர். அவ்வண்ணமே 1990 அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்களை, ஏறத்தாழ 75,000 பேரை, விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். அவர்கள் பேசியதும் தமிழே. அடிபட்டவன் பிறரை அடிக்கமாட்டான் என்பதற்கு வரலாற்றில் உறுதி இல்லை.

சில நாட்கள் கழித்து மூதாட்டியிடம் இதையெல்லாம் சொன்னேன். ஆயரின் எண்ணைக் கேட்டதும் கண்களைத் துடைத்துக்கொண்டார். நெடுநேரம் கழித்து, "நாங்கள் படகேறினாப் பிறகு பக்கத்து வீட்டு முஸ்லிம் சனத்தையும் அனுப்பிப் போட்டினமாம். வரேக்க வீட்டுத் திறப்பை அவையிட்டத்தான் குடுத்தனான். அவையையும் எண்ணோணும் தம்பி" என்றார்.

பயாஃப்ராவைப் பற்றிய தம் நினைவுகளை நூலாக்க எழுத்தாளர் சினுவா அச்செபேக்கு, போர் முடிந்து நாற்பத்திரண்டு ஆண்டுகள் ஆயின. நினைவுக்கு அவசரமில்லை, ஆனால் அது நேர்மையாக இருக்க வேண்டும். தம் இழப்பைச் சொல்லும்போதே அடுத்தவர் இழப்பையும் சேர்த்து எண்ணிய அந்த மூதாட்டி, பள்ளிக்கூடப் படிப்பு அதிகம் இல்லாதவர். எங்கள் தெருவில் வரலாற்றைச் சரியாக அறிந்தவர் அவரே.