எல்.எம்.பி. டாக்டர்களும் வேலூரும் - மருத்துவத் தொழிலை ஒழுங்குபடுத்திய கதை

வேலூர் என்றதும் கோட்டைக்கு அடுத்தபடியாக நினைவுக்கு வருவது சி.எம்.சி. ஆஸ்பத்திரி. ஆனால் அதன் மருத்துவக் கல்லூரி, அரசு விதி ஒன்றினால் மூடப்படும் நிலைக்குப் போய் மீண்டது என்பது பலருக்குத் தெரியாது.

ஒரு காலத்தில் யார் வேண்டுமானாலும் 'டாக்டர்' என்று பலகை மாட்டிக்கொள்ளலாம். சென்னை மாகாணத்தில் இதற்கு முதல் கடிவாளம் 1914ஆம் ஆண்டு மருத்துவப் பதிவுச் சட்டம். அது பதிவு இல்லாதவர்களை அடியோடு தடை செய்யவில்லை. பதிவு பெற்றவரின் சான்றிதழ்தான் செல்லும், அரசு வேலை அவருக்குத்தான் என்றது. அந்தப் பதிவேட்டில் பட்டம் பெற்றவர்களுடன், குறைந்த காலம் படித்துத் தேறிய எல்.எம்.பி. டாக்டர்களுக்கும் இடம் இருந்தது.

ராணிப்பேட்டையில் 1870இல் பிறந்த ஐடா ஸ்கடர், 1918இல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். முதல் ஆண்டில் 17 மாணவிகள் சேர்ந்தனர். கற்பித்தது எல்.எம்.பி. படிப்புதான். ஆண் டாக்டரிடம் காட்ட மறுத்த குடும்பங்களுக்கு இப்பெண்கள் பெரிய வரமாக அமைந்தனர்.

1933இல் இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டம் வந்தது. அது பட்டப்படிப்பின் தரத்தை மட்டுமே கவனித்தது, எல்.எம்.பி. டாக்டர்கள் அதற்கு வெளியே நின்றனர். 1930களின் இறுதியில் சென்னை மாகாண அரசு இன்னும் ஒரு படி மேலே போனது. இனி எம்.பி.பி.எஸ். மட்டுமே, பல்கலைக்கழகத்துடன் இணையாத பள்ளிகள் நடக்க முடியாது என்றது. கூடுதல் படுக்கைகள், ஆய்வுக்கூடங்கள், உயர்பட்டம் பெற்ற ஆசிரியர்கள் என்று எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். எழுபது வயதை எட்டியிருந்த ஐடா, நிதி திரட்ட அமெரிக்கா சென்றார். 1942இல் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கியது. 1947இல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர். மூட வைக்க இருந்த அதே விதிதான் வேலூரை உலகம் அறியும் கல்லூரியாக உயர்த்தியது!

ஆனால் நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. போர் கமிட்டி தன் அறிக்கையை அளித்த 1946இல், நாட்டில் இருந்த சுமார் 47,500 டாக்டர்களில் ஏறத்தாழ 30,000 பேர் பட்டம் பெறாதவர்கள். கமிட்டியோ ஒரே தரமான டாக்டர் போதும் என்று பரிந்துரைத்தது. எல்.எம்.பி. படிப்பு மறைந்தது. தரம் உயர்ந்தது, ஆனால் கிராமத்துக்குப் போகும் டாக்டர் குறைந்தார். அந்த இடைவெளியில்தான் போலி டாக்டர்கள் நுழைந்தனர். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் தொழிற்சாலையில் தினக்கூலிக்கு உழைப்பவர், ஒரு நாள் கூலியை விட்டு வேலூர் வரை போய் வரிசையில் நிற்க முடியுமா? பக்கத்துத் தெருவில் ஊசி போடுபவரிடம் போவது அறியாமையால் மட்டும் அல்ல.

காவல் செய்பவரை யார் காவல் செய்வது என்பது அடுத்த சிக்கல். 1956 சட்டப்படி இயங்கிய இந்திய மருத்துவக் கவுன்சிலின் தலைவரே 2010 ஏப்ரலில் லஞ்ச வழக்கில் சி.பி.ஐ.யால் கைது செய்யப்பட்டார். அடுத்த மாதமே கவுன்சில் கலைக்கப்பட்டது. இறுதியில் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, 2020 செப்டம்பர் 25 முதல் தேசிய மருத்துவ ஆணையம் அதன் இடத்துக்கு வந்தது. டாக்டர்களே தேர்ந்தெடுத்த உறுப்பினர்களுக்குப் பதில் இங்கே பெரும்பாலும் நியமன உறுப்பினர்கள்.

வேலூரும் மீண்டும் ஒரு சோதனையைச் சந்தித்தது. கிராமச் சேவைக்கு ஏற்றவர்களைத் தாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வாதிட்ட சி.எம்.சி., 2017இல் 100 எம்.பி.பி.எஸ். இடங்களில் ஒன்றை மட்டுமே நிரப்பியது. 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், சிறுபான்மைக் கல்லூரிகளுக்கும் நீட் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது.

வேடிக்கை என்னவென்றால், அதே 2019 சட்டத்தின் 32ஆவது பிரிவு, எம்.பி.பி.எஸ். படிக்காத சமூக சுகாதாரப் பணியாளர்களுக்கு வரம்புக்குட்பட்ட உரிமம் தரலாம் என்கிறது. டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்து எதிர்த்தனர். பெயர் வேறு, ஆனால் இது பழைய எல்.எம்.பி. கேள்விதான். தரம் குறையாமலும், ஏழைக்கு எட்டாமல் போகாமலும் ஒரு பதிவேட்டை வைத்திருப்பது எப்படி? 1914இல் தொடங்கிய இந்தக் கணக்கு இன்னும் நேராகவில்லை.